சோதனைக் குழாயின் சாட்சி – 7: மூச்சு, சிறுநீர், ரத்தம், முடி

ஆர்சனிக்கைக் கண்ணாடிக் குழாயில் கறுப்புப் படலமாகப் படியவைத்த ஜேம்ஸ் மார்ஷையும், 1850ல் பெல்ஜியத்தில் ஒரு பிரபு வீட்டுக் கொலையில் நிகோடினை உடலிலிருந்து பிரித்துக் காட்டிய ஸ்டாஸையும் சென்ற இதழில் பார்த்தோம். இருவருக்கும் வேலை பிணத்தோடுதான். பிணம் மறுப்புச் சொல்லாது, வக்கீல் வைக்காது, வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். உயிரோடு எதிரே நிற்கிற ஆளிடம் போய், "நீ போதை ஏற்றியிருக்கிறாயா?" என்று வேதியியலைக் கொண்டு கேட்பது அப்படிச் சுலபமில்லை. அவரிடமிருந்து எதை வாங்குவது? மூச்சையா, சிறுநீரையா, ரத்தத்தையா, முடியையா?

எதை வாங்கினாலும் ஒரே பதில்தானே வரப்போகிறது என்று நமக்குத் தோன்றும். வராது. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. அந்தக் கேள்விகள் தனித்தனியாகப் பிரிந்த கதைதான் இந்த அத்தியாயம்.

ஊமத்தை விதையும் பூனைக் கண்ணும்

நம் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். 1849ல் சென்னையில் 'கெமிக்கல் எக்ஸாமினர்' ஆய்வகம் வந்தது. இந்தியாவிலேயே இதுதான் முதல். கல்கத்தாவுக்கு 1853லும், ஆக்ராவுக்கு 1864லும், பம்பாய்க்கு 1870லும்தான் அந்த வசதி கிடைத்தது. பழைய சங்கரன்கோவில் தாலுகாவின் இளையரசனேந்தல் மாதிரியான ஊரில் ஒருவர் சந்தேகத்துக்கு இடமாக இறந்தால், இரைப்பையும் குடலும் ஈரலும் ஜாடிக்குள் போகும். மூடிக்கு அரக்கு முத்திரை வைத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இன்று அந்தப் பாதை திருநெல்வேலி வட்டாரத் தடய அறிவியல் ஆய்வகத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

அந்தக் காலத்தில் ஆய்வகங்களுக்கு அடிக்கடி வந்த வழக்குகளில் ஒன்று ஊமத்தை. வழிப்போக்கனோடு சிநேகம் பிடித்து, சோற்றிலோ பலகாரத்திலோ ஊமத்தை விதையை அரைத்துக் கலந்து கொடுத்து, அவன் புத்தி பேதலித்துக் கிடக்கும்போது மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவது திருடர்களின் வழக்கம். கொல்வது அவர்களின் நோக்கமில்லை. அதனால் பறிகொடுத்தவர்களில் பலர் பிழைத்துக்கொண்டார்கள். ரசாயனப் பரிசோதகருக்கு உயிருள்ள சாட்சி கிடைத்தது.

முதல் சோதனை கண்ணாலேயே நடந்தது. ஊமத்தை விதையையும் மிளகாய் விதையையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல முடியாது. கரிசல்காட்டு மிளகாய்ச் சாகுபடிக்காரரே கொஞ்சம் தடுமாறுவார். உருப்பெருக்கியில் வைத்தால் சங்கதி வெளுக்கும். ஊமத்தை விதை பழுப்பாக, சிறுநீரக வடிவில், விளிம்பில் இரட்டை வரப்போடு இருக்கும். நாக்கில் வைத்தால் கசக்கும். மிளகாய் விதை மஞ்சளாக, ஒற்றை விளிம்போடு இருக்கும். நாக்கில் உறைக்கும். குறுக்கே வெட்டினால் ஊமத்தையின் கரு வெளிப்பக்கம் வளைந்திருக்கும், மிளகாயின் கரு உள்ளே சுருண்டிருக்கும்.

விதை அரைபட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? அங்கேதான் பூனை வந்தது. நஞ்சுண்டவரின் சிறுநீரிலிருந்து ஒரு சொட்டைப் பூனையின் ஒரு கண்ணில் விடுவார்கள். அந்தக் கண்ணின் பாவை மட்டும் அகலமாக விரிந்துகொண்டால், ஊமத்தையில் உள்ள அட்ரோபின் வகைச் சத்து உடலைக் கடந்து சிறுநீரில் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் பாவையை விரிக்கிற பொருள் ஊமத்தை ஒன்றுதானா? பூனைக்கு அது தெரியாது. ஆகவே அடுத்த கட்டமாக, பிரித்தெடுத்த சத்தை நைட்ரிக் அமிலத்தில் உலர்த்தி, சாராயத்தில் கரைத்த பொட்டாஷைச் சொட்டி, ஊதா நிறம் வருகிறதா என்று பார்த்தார்கள். முதலில் சந்தேகம், பிறகு உறுதி. போதைச் சோதனை முழுக்க இந்த இரண்டு படிகளில்தான் இன்றைக்கும் நடக்கிறது. பூனைக்குப் பதில் 'கிட்' வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது போதையா? மூச்சைக் கேள்

மோட்டார் வண்டி பெருகியபோது போலீசுக்கு ஒரு புதுக் கேள்வி முளைத்தது. இவர் நேற்று குடித்தாரா, போன வாரம் குடித்தாரா என்பது வேண்டாம். இந்த நிமிடம் வண்டி ஓட்டத் தகுதியோடு இருக்கிறாரா? நுரையீரலில் ரத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே சாராயம் ஒரு கணக்குப்படி பிரிந்து நிற்கிறது. 2,100 மில்லி மூச்சில் உள்ள சாராயம் ஏறத்தாழ ஒரு மில்லி ரத்தத்தில் உள்ளதற்குச் சமம். இந்தக் கணக்கை வைத்து 1954ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ராபர்ட் போர்கன்ஸ்டைன் ஒரு கருவி செய்தார். இன்று புறவழிச்சாலையில் போலீஸ்காரர் "ஊது" என்று நீட்டும் கருவிக்கு அதுதான் மூத்தது.

நம் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயம் இருந்தால் குற்றம் என்கிறது. கருவியை மறுத்தாலோ, விபத்தில் அடிபட்டு ஊத முடியாமல் கிடந்தாலோ ரத்தம் எடுக்க வேண்டும். அப்போது ஊசி போடும் இடத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைக்கக் கூடாது. துடைத்தால் அந்தச் சாராயமும் சாட்சிக்கூண்டில் ஏறிவிடும். குழாயில் சோடியம் ஃப்ளோரைடு போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை நுண்ணுயிர்கள் புளிக்கவைத்துச் சாராயம் ஆக்கிவிடும். குடிக்காதவரின் ரத்தம் குழாய்க்குள் குடித்துவிட்டு வரும்.

மூச்சுக்கருவி சாராயத்தோடு நின்றுவிடும். கஞ்சா, அபின், மாத்திரைப் போதைகளிடம் அதன் பாச்சா பலிக்காது.

விமானம் ஏறுமுன் ஒரு குவளை

வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களிடம் ஹெராயின் பரவியது. 1971 ஜூனில் அதிபர் நிக்சன் அரசு ஓர் உத்தரவு போட்டது. ஊருக்குத் திரும்பும் ஒவ்வொரு சிப்பாயும் சிறுநீர் கொடுக்க வேண்டும், போதைப்பொருள் தென்பட்டால் விமானம் கிடையாது. 'பொற்பெருக்கு நடவடிக்கை' என்று சிப்பாய்களே அதற்குக் கேலியாகப் பெயர் வைத்தார்கள். கூட்டம் கூட்டமாக ஆட்களைச் சோதிப்பது உலகத்துக்குப் பழக்கமானது இங்கேதான்.

ஏன் சிறுநீர்? ரத்தத்தில் சில மணி நேரத்தில் மங்கிவிடும் பொருளைச் சிறுநீரகம் சேர்த்துச் செறிவாக்கி வெளியே தள்ளுகிறது. ஊசி வேண்டாம், நிறையக் கிடைக்கும், பல நாள் பழையதும் தெரியும். ஹெராயின் உடலில் மார்ஃபினாக மாறி இரண்டு மூன்று நாள் நிற்கும். கோகெய்னின் கழிவும் அப்படித்தான். கஞ்சா மட்டும் கொழுப்பில் போய் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். என்றோ ஒருநாள் இழுத்தவரிடம் மூன்று நாள் போலத் தெரியும். தினமும் இழுப்பவர் நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் சிக்கக்கூடும். அப்படிச் சிக்குகிறவர் அன்றைக்குப் போதையில் இருந்தார் என்று சொல்ல முடியாது. சிறுநீர் சொல்வது கடந்த காலம். அது நிகழ்காலத்துக்குச் சாட்சி இல்லை.

கூட்டச் சோதனைக்கு வேகமான முறை தேவைப்பட்டது. உடலின் எதிர்ப்புப் புரதங்களை வைத்து ஒரு குறிப்பிட்ட மூலக்கூறைப் பிடிக்கும் முறையை ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950களின் கடைசியில் இன்சுலினுக்காகக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்தத் தத்துவம் போதைப்பொருள் பக்கம் திரும்பியது. இன்று மருந்துக் கடையிலும் போதை மறுவாழ்வு மையத்திலும் கிடைக்கும் பட்டை கிட் அந்த வம்சம்தான். இதைப் படிக்கத் தெரியாமல் பலர் பதறிப்போகிறார்கள். கர்ப்பச் சோதனைப் பட்டையில் இரண்டு கோடு வந்தால் 'உண்டு'. போதைப் பட்டையில் இரண்டு கோடு வந்தால் 'இல்லை'. சிறுநீரில் போதைப்பொருள் இருந்தால் அது புரதத்தை முந்திப் பிடித்துக்கொள்ளும், கோடு விழ இடமிருக்காது. ஆகவே கோடு காணாமல் போவதுதான் குற்றச்சாட்டு. மங்கலாகவேனும் கோடு விழுந்தால் 'இல்லை' என்றே கொள்ள வேண்டும்.

கசகசா செய்த வேலை

1986ல் அதிபர் ரீகன் மத்திய அரசு ஊழியர்களுக்குப் போதைச் சோதனை என்று ஆணையிட்டார். 1988ல் அதற்கான விதிமுறைகள் வந்தன. கஞ்சா, கோகெய்ன், அபின் வகை, ஆம்ஃபெட்டமின், பிசிபி என்று ஐந்து பொருள்கள். வந்ததும் ஒரு வில்லங்கம். கசகசா தூவிய ரொட்டி தின்றவர்களும் அபின் பட்டியலில் விழுந்தார்கள். நம் வீட்டுக் குருமாவில் அரைத்து ஊற்றுகிற அதே கசகசாதான். அபின் செடியின் விதை அது. போதை தராது, ஆனால் மேலே ஒட்டியிருக்கும் மார்ஃபின் சிறுநீரில் தலைகாட்டும். அமெரிக்க விதி, மில்லிக்கு 300 நானோகிராம் என்றிருந்த எல்லையை 1998ல் 2,000 ஆக உயர்த்தவேண்டி வந்தது. வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் பெட்டியில் கசகசா வைக்கக் கூடாது என்று ஊரில் எச்சரிப்பதற்கும் காரணம் இந்தச் செடிதான்.

கிட் இன்னொரு பக்கமும் தவறும். அபினுக்கான பட்டை மார்ஃபினின் உருவத்தைத்தான் தேடுகிறது. தமிழ்நாட்டில் போதைக்காகத் தவறாகப் பயன்படுத்தப்படும் டேபென்டடால் வலி மாத்திரை அந்த உருவத்தில் இல்லை. ஒரு பையன் அதைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாலும் அபின் பட்டையில் இரண்டு கோடும் பளிச்சென்று விழும். அம்மா அப்பாவும் நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். கேட்காத கேள்விக்குக் கிட் பதில் சொல்லாது. மறுபக்கம், ஜலதோஷ மாத்திரையில் உள்ள சூடோஎஃபெட்ரின் ஆம்ஃபெட்டமின் பட்டையை ஏமாற்றிவிடுவதும் உண்டு.

அதனால்தான் பட்டையின் முடிவை மட்டும் வைத்து ஒருவரின் வேலையையோ படிப்பையோ பறிக்கக் கூடாது. உறுதி செய்ய வேறு கருவி வேண்டும். வாயு நிறப்பிரிகை – நிறை நிறமாலைக் கருவி என்று பாடப்புத்தகம் சொல்லும், ஆய்வகத்தில் ஜிசி-எம்எஸ் என்பார்கள். சுமார் 30 மீட்டர் நீளமுள்ள மயிரிழைக் குழாய்க்குள் மாதிரியை ஆவியாக்கி ஓடவிடுவார்கள். நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயம் மாதிரி, எல்லாம் ஒரே கோட்டில் கிளம்பினாலும் ஒவ்வொரு மூலக்கூறும் தன் நேரத்தில்தான் எல்லை சேரும். வந்து சேர்ந்த மூலக்கூறை எலெக்ட்ரானால் அடித்து உடைத்து, துண்டுகளின் எடையைப் பதிவு செய்வார்கள். ஓட்ட நேரமும் துண்டுகளின் வரிசையும் இரண்டுமே பொருந்தினால்தான் பெயர் சொல்வார்கள்.

அந்தக் கருவியின் மிரட்டல் 1983ல் தெரிந்தது. வெனிசுவேலாவின் கராகஸ் நகரில் பான் அமெரிக்க விளையாட்டுப் போட்டி. ஜெர்மானிய வேதியியலாளர் மான்ஃப்ரெட் டோனிக்கெயின் முறையில் சோதனை கடுமையாக நடக்கிறது என்று செய்தி பரவியது. சில வீரர்களின் பதக்கங்கள் பறிபோயின. அமெரிக்கத் தடகள வீரர்கள் பத்துக்கும் மேற்பட்டோர் களத்தில் இறங்காமலே விமானம் பிடித்து ஊர் திரும்பினார்கள்.

கோவில்பட்டி மைதானத்தில் இரண்டு பாட்டில்

இளையரசனேந்தல் சாலை போய்ச் சேரும் கோவில்பட்டி, ஹாக்கிக்குப் பேர்போன ஊர். அங்கே மட்டை பிடிக்கும் ஒரு பையன் நாளைக்குத் தேசியப் போட்டிக்குப் போனால், சோதனை அதிகாரி அவனிடம் எப்படி நடந்துகொள்வார் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அறிவிப்பில் கையெழுத்துப் போட்டதிலிருந்து ஒருவர் அவனை விட்டு அகலமாட்டார். முத்திரையிட்ட பெட்டிகள் பலவற்றிலிருந்து ஒன்றை அவனே எடுப்பான். அதிகாரி கண்முன்னே சிறுநீர் கொடுக்க வேண்டும், குறைந்தது 90 மில்லி. பாட்டில்களில் ஊற்றுவதும் அவனே. பி பாட்டிலில் 30, ஏ பாட்டிலில் 60. மூடியைத் திருகினால் கடகடவென்று சத்தம் கேட்கும். அதன் பிறகு உடைக்காமல் திறக்க முடியாது. மிஞ்சிய சொட்டில் அடர்த்தி பார்ப்பார்கள். வழக்கமான அளவுக்கு 1.005க்குக் குறைந்தால், தண்ணீரைக் குடித்துத் தள்ளியிருக்கிறான் என்று இன்னொரு மாதிரி கேட்பார்கள். ஆய்வகத்துக்குப் போவது எண் மட்டும், பெயர் போகாது. ஏ பாட்டிலில் சிக்கினால், பி பாட்டிலைத் தன் முன்னிலையில் திறக்கச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு.

இந்தியாவில் இதை நடத்தும் 'நாடா' 2005ல் உருவானது. டெல்லியிலுள்ள தேசிய ஊக்கமருந்துச் சோதனை ஆய்வகத்துக்கு 2008ல் உலக அமைப்பான 'வாடா'வின் அங்கீகாரம் கிடைத்தது. 2019ல் அது இடைநிறுத்தப்பட்டு, 2021 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. 2022ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2023ல் இந்தியாவில் எடுத்த 5,606 மாதிரிகளில் 200க்கு மேற்பட்டவை சிக்கின. அதிகம் சோதிக்கும் நாடுகளில் இந்த விகிதம்தான் உச்சம்.

விளையாட்டிலும் எல்லாவற்றையும் சிறுநீர் பார்த்துக்கொள்ளாது. வளர்ச்சி ஹார்மோனையும் பிறர் ரத்தம் ஏற்றியதையும் பிடிக்க ரத்தம் வேண்டும். சிவப்பணுவைப் பெருக்கும் இபிஓ ஊசி சில நாளில் மறைந்துவிடும், ஆனால் அது கிளப்பிவிட்ட அணுக்கள் வாரக்கணக்கில் இருக்கும். அதற்காக 2009 முதல் ஒவ்வொரு வீரரின் ரத்த அளவுகளையும் வருடக்கணக்கில் தொடர்ந்து குறித்து, திடீர் ஏற்றத்தைப் பிடிக்கிறார்கள்.

கஞ்சாவின் கணக்கு இன்னும் வேடிக்கை. போட்டி நேரத்தில் மட்டும்தான் விளையாட்டில் அது தடை. சிறுநீரில் அதன் கழிவுக்கு எல்லை மில்லிக்கு 150 நானோகிராம். 2013க்கு முன்பு 15. அமெரிக்க வேலைத்தலச் சோதனையின் முதல் படிக்கோ எல்லை 50. ஒரே ஆளின் ஒரே சிறுநீரில் 100 இருந்தால் மைதானத்தில் அவர் தப்பினார், அலுவலகத்தில் மாட்டினார். அளந்தது ஒன்றே. அங்கே கேட்டது "போட்டிக்காக ஏற்றினாயா", இங்கே கேட்டது "அண்மையில் தொட்டாயா".

முடி நினைவில் வைத்திருப்பது

1979ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பௌம்கார்ட்னர் தம்பதியர் முடியிலிருந்து மார்ஃபினைக் கண்டறிந்தார்கள். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ரத்தத்தில் அன்று ஓடியது அன்று வளர்ந்த முடியில் சிக்கிக்கொள்ளும். பின்னந்தலையில் பென்சில் பருமனுக்கு ஒரு கொத்தைத் தோலோடு ஒட்ட வெட்டி, வேர்ப்பக்கம் எது என்று அடையாளம் வைத்து அனுப்புவார்கள். மூன்று சென்டிமீட்டரில் மூன்று மாதத்துக் கதை கிடைக்கும். துண்டு துண்டாக நறுக்கினால் எந்த மாதம் என்றுகூடத் தோராயமாகச் சொல்லலாம். ஆனால் நேற்று நடந்தது தெரியாது. அந்த முடி தோலுக்கு வெளியே வர ஒரு வாரம் பத்து நாள் ஆகும். சாயம், ப்ளீச்சிங் இருந்தால் அளவு குறையும். கருமுடியின் நிறமி சில போதைப்பொருள்களைக் கூடுதலாகப் பிடித்துவைக்கும் என்பதும் ஒரு வழக்காடலுக்கு இடம் தருகிறது. தொடர்ந்த பழக்கமா, விட்டுவிட்டாரா என்று தெரிய வேண்டிய இடத்தில்தான் முடி.

எச்சில் நேர்மாறு. ரத்தத்தில் இருப்பதை ஏறத்தாழப் பின்தொடரும், ஒருநாள் இரண்டுநாளுக்கு மேல் நிற்காது. மறைவிடம் தேவையில்லை, ஏமாற்றுவதும் கடினம். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2004 டிசம்பரில் சாலையோரத்திலேயே ஓட்டுநர்களிடம் எச்சில் சோதனை தொடங்கியது.

தமிழர் நிறைய வாழும் சிங்கப்பூரில் சட்டமே சிறுநீரை மூன்றாகப் பங்கிடச் சொல்கிறது. ஒரு பங்கில் முதல் சோதனை. மற்ற இரண்டையும் முத்திரையிட்டு, இரு வேறு ஆய்வாளர்கள் தனித்தனியே பார்க்க வேண்டும். பூனைக் கண்ணிலிருந்து வந்த பாடம் அங்கே சட்டப் பிரிவாகியிருக்கிறது.

பொட்டலத்துக்கு வேறு சோதனை

நம்மூரில் பெரும்பாலான வழக்குகளில் சோதிக்கப்படுவது ஆள் அல்ல, பொட்டலம். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா என்றால் செடியின் பூத்த அல்லது காய்த்த நுனி. நுனி இல்லாமல் இலையும் விதையும் தனியாக இருந்தால் அந்த விளக்கத்துக்குள் வராது. ஆகவே முதலில் கண்ணும் உருப்பெருக்கியும்தான் பேசவேண்டும், ரசாயனம் அப்புறம். ஒரு கிலோவுக்குக் குறைந்தால் சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. தண்டனை இதைப் பொறுத்தே ஏறும். மாதிரி எடுப்பது மாஜிஸ்திரேட் முன்னிலையில், இரட்டைப் படியாக. கஞ்சாவில் ஒவ்வொரு படிக்கும் 24 கிராம். இதில் கோட்டைவிட்டால் ஆய்வகம் எவ்வளவு சரியாகச் சொன்னாலும் வழக்கு நிற்காது.

கைதானவரின் ரத்தம், சளி, வியர்வை, முடி, நகத்துண்டு ஆகியவற்றைச் சோதிக்க இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு வழிசெய்கிறது. உட்கொண்டது மட்டும் குற்றம் என்றால், பொருளைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ வரை சிறை. தானே முன்வந்து சிகிச்சைக்குச் சேர்ந்து அதை முடிக்கும் அடிமைக்கு 64ஏ பிரிவில் விலக்கும் இருக்கிறது. பட்டையில் கோடு மறைந்ததும் பையனை அடித்து விரட்டுகிற பெற்றோருக்கு இந்தப் பிரிவு தெரிந்திருப்பதில்லை.

ஒரு சோதனை அறிக்கை கையில் கிடைத்தால் 'பாசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்ற சொல்லுக்கு முன்னால் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். எடுத்தது எது, எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தது, எல்லை எவ்வளவு, உறுதிச் சோதனை நடந்ததா. இந்த நான்கும் இல்லாத அறிக்கை, உண்மையே சொன்னாலும் தீர்ப்புக்கு உதவாது.

இதுவரை மனிதரை மருந்துக்காகச் சோதித்தோம். மருந்தையே சோதிக்கத் தவறினால்? 1972ல் சென்னையில் காய்ச்சல் மருந்து குடித்த குழந்தைகள் இறந்தார்கள். அதே நஞ்சு 2025ல் காஞ்சிபுரத்தில் தயாரான இருமல் மருந்து வழியாக மத்தியப் பிரதேசக் குழந்தைகளைத் தேடிப் போனது. அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)